செவ்விலக்கியப் படங்களோடு ஒரு குறிப்பேடு: எங்கெல்லாம் சறுக்கும்?

படக் குறிப்பேட்டில் நேரும் பாதித் தவறுகளுக்குக் காரணம், அதில் யாரோ எழுதப்போகிறார் என்பதை மறந்துவிடுவதுதான். எழுதும் பகுதியில் பின்னணிப் படத்தின் அடர்த்தி 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நீல மை எழுத்தே படத்தில் கரைந்துவிடும். அடர்த்தியான படங்களுக்குத் தனிப்பக்கம் கொடுங்கள்.

படம் பளிச்சென்று வரும் என்று ஆர்ட் பேப்பரைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. அதன் பூச்சு மையை உள்ளே விடாது. ஜெல் பேனா எழுத்து காயாமல் விரலோடு இழுபடும். பூச்சில்லாத 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) தாள் நல்லது. ஆனால் ஜிஎஸ்எம்மை மட்டும் நம்பக் கூடாது. ஒரே எடையுள்ள இரு தாள்களில் ஒன்றில் மை பரவும், மற்றதில் பரவாது. அச்சுக்குப் போகும் தாளிலேயே ஃபவுண்டன் பேனாவால் எழுதி, பின்பக்கத்தைப் பாருங்கள். தாளின் இழை, புத்தகம் கட்டப்படும் ஓரமான முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பசை பட்ட இடம் அலையலையாக நெளியும், புத்தகம் விரிந்து படுக்காது. தாளை இரு திசையிலும் மடித்துப் பாருங்கள். மடிப்பு சுத்தமாக விழும் திசையே இழையின் திசை.

இரு பக்கம் விரியும் படத்தில் முகம் நடுவில் வந்தால், பசைக் கட்டு அதை விழுங்கிவிடும். முதுகுப் பக்கம் 15 மி.மீ. வெறுமையாக விடுங்கள், வெளி ஓரங்களில் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதலாகப் படத்தை நீட்டுங்கள். நடுமடிப்பில் ஸ்டேப்பிள் பின் அடிக்கும் நோட்டென்றால் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். நடுத்தாள்கள் வெளியே பிதுங்குவதால் அவற்றில் வெட்டு கூடுதலாக விழும். ஓரத்தை ஒட்டி மெல்லிய சட்டக் கோடு போட்டிருந்தால் ஓரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பக்கத்துக்குப் பக்கம் மாறித் தெரியும்.

பழைய கோட்டோவியங்களை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் கோடுகள் பிசிறும், 600-க்குக் குறையாதீர்கள். கறுப்புக் கோட்டை நான்கு வண்ணமாகப் பிரிக்காமல் கறுப்பு மையில் மட்டும் அச்சிடுங்கள். இல்லையென்றால் ஒரு வண்ணம் சற்றே விலகினாலும் கோட்டைச் சுற்றி நிழல் விழும்.

பதிப்புரிமையில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். 1865-இல் வந்த ஆலிஸ் கதைக்கு ஜான் டென்னியல் வரைந்த படங்கள் பொதுச்சொத்து, அதாவது உரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியவை. 1951 டிஸ்னி திரைப்படத்தின் ஆலிஸ் அப்படியல்ல. 1926-இல் வந்த வின்னி த பூ என்ற சிறுவர் நூல் அமெரிக்காவில் 2022 முதல் பொதுச்சொத்து. ஆனால் அதன் ஓவியர் ஷெப்பர்ட் இறந்தது 1976-இல் என்பதால், இறப்புக்குப் பின் 70 ஆண்டு பாதுகாப்புத் தரும் நாடுகளில் அவர் படங்களுக்கு 2046 முடியும்வரை உரிமை உண்டு. மேற்கோளுக்கும் இதே கணக்குதான்: பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் பழையவர், அவரைச் சென்ற ஆண்டு மொழிபெயர்த்தவர் அல்லர்.