கூரையைப் பழுதுபார்ப்பதா, பிரித்துப் புதிதாகப் போடுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு சொட்டுகூட ஒழுகாத கூரை உள்ளுக்குள் வலுவிழந்திருக்கவும் கூடும். ஒழுகலை வைத்தே முடிவு செய்வதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. சுமையைத் தாங்குவது எதுவோ அதைப் பாருங்கள்: கான்கிரீட் தளமானால் கம்பி, ஓட்டுக் கூரையானால் மரம்.

கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேயே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் சொட்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகியவற்றை முதலில் பாருங்கள். மழையே இல்லாத நாட்களிலும் ஈரம் காயவில்லையென்றால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிற இடத்தில் சிமென்ட் சாந்தை அப்பி வெள்ளையடித்துவிடுவது மிக ஆபத்தானது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை (பி.எச். 12-க்கு மேல்) கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அதன்பின் ஈரம் பட்டால் துரு. அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். மேலே பூசிய சாந்து துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது.

முறையான பழுதுபார்ப்பு என்றால், கம்பிக்குப் பின்னால் சுமார் 20 மி.மீ. வரை பழைய கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பி பளபளக்கும்வரை துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சும் ஒட்டுப் பூச்சும் அடித்து, பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காக வைப்பது. கொத்துவதற்கு முன் தளத்துக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். கம்பி வெகுவாகத் தேய்ந்து மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும்.

தளத்தின் அடிப்பக்கம் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். கான்கிரீட் உள்ளே விலகிய இடம் பொள்ளலாக (உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல) கேட்கும். இரண்டோர் இடத்தில் மட்டும் பொள்ளல் என்றால் பழுதுபார்க்கலாம். எங்கு தட்டினாலும் பொள்ளல், கூடவே தளம் தொய்ந்தும் இருந்தால், கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சோதிக்காமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் மேலே இன்னொரு அடுக்குப் போடுவதும் தவறுதான். 5 செ.மீ. கனச் சாந்து சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். வலுவிழந்த தளத்தின் தலையில் அந்தச் சுமையையும் ஏற்றுகிறோம். பழைய அடுக்கை எடுத்துவிட்டு, 100-க்கு 1 என்ற அளவுக்காவது வாட்டம் (சரிவு) கொடுத்துப் பூசினால்தான் நீர் தேங்காது.

ஓட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவது எளிது. அதற்குமுன் ரீப்பரையும் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்) கைமரத்தையும் (ரீப்பரைத் தாங்கும் சாய்வான மரம்), குறிப்பாகச் சுவரில் பதிந்த நுனிகளை, திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. அந்த மரத்தை மாற்றாமல் புது ஓடு வேய்வது வீண்.

தகரக் கூரையில் பெரும்பாலும் ஆணித் தலைக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர்தான் வெடித்திருக்கும்; தகடு நன்றாக இருந்தால் வாஷரை மட்டும் மாற்றினால் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். நனைத்து, முழுத் தகடாகவே, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இறக்க வேண்டும்.