செயற்கைக்கோள் படத்தில் சிவப்பு குறைந்தால் காற்று சுத்தமாகிவிட்டதா?

ஒரு நகரத்தின் மேலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு (வாகன, ஆலைப் புகையில் வரும் மாசு வாயு) பல ஆண்டுகளில் எப்படி மாறியது என்று கோடு வரைவது இன்று ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. செயற்கைக்கோள் தரவும் இலவசம், மென்பொருளும் இலவசம். தவறான கோடுகள் பெருகியதும் அதனால்தான்.

பலரும் வழுக்கி விழும் இடம், செயற்கைக்கோள் எதை அளக்கிறது என்பதே. சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவி நாம் சுவாசிக்கும் காற்றை அளப்பதில்லை. தரையிலிருந்து மேல்நோக்கி நிற்கும் காற்றுத் தூணில் மொத்தம் எவ்வளவு வாயு இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அந்த வாயு தெருமட்டத்தில் தேங்கியிருக்கிறதா, ஒரு கிலோமீட்டர் உயரம்வரை கலந்திருக்கிறதா என்பது அந்த ஓர் எண்ணில் தெரியாது. அதைத் தரைநிலையம் ஒரு கன மீட்டர் காற்றுக்குத் தரும் மைக்ரோகிராம் கணக்கோடு நேராக ஒப்பிடுவது, குளத்தின் மொத்த நீரைச் சொல்லி ஆழத்தைக் கேட்பது போன்றது. பிஎம் 2.5 நுண்துகளுக்கு இது இன்னும் மோசம். செயற்கைக்கோள் தருவது துகள்கள் ஒளியை மறைக்கும் அளவு மட்டுமே. ஈரப்பதம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புவதால், மாசு கூடாமலே அந்த அளவு ஏறிவிடும்.

அடுத்தது நேரம். இந்தக் கருவி ஓரிடத்தைக் கடப்பது உள்ளூர் நேரப்படி பிற்பகல் 1.30 மணியளவில். காலை, மாலை நெரிசல் அதன் கண்ணில் படாது. மேகம் மூடிய நாட்களும் கழிந்துபோகும். மழைக்கால 'மாதச் சராசரி' என்பது சில தெளிந்த மதியங்களின் சராசரியாகவே இருக்கலாம்; எத்தனை நாள் தரவு கிடைத்தது என்று எண்ணாமல் அதை நம்பக்கூடாது.

என்னைக் கேட்டால், மிக ஆபத்தான தவறு, கருவி பதிவுசெய்யும் ஒளியிலிருந்து வாயுவின் அளவைக் கணக்கிடும் முறையின் பதிப்பு மாறியதைக் கவனிக்காமல் விடுவதுதான். 2021 ஜூலையில் ட்ரோபோமியின் நைட்ரஜன் டை ஆக்சைடு கணக்கீடு 2.2 பதிப்புக்கு மாறியது. மேகத்தைக் கையாளும் முறை அதற்குச் சற்று முன்பிருந்தே திருத்தப்பட்டிருந்ததால், மாசு மிகுந்த இடங்களில் எண்கள் உயர்ந்தன. பழைய கோப்புகளையும் புதியவற்றையும் ஒட்டினால், கோவிட் ஊரடங்குக்குப் பின் மாசு 'பாய்ந்தது' என்று கதை கட்டிவிடலாம், பாய்ந்தது கணிதம். முழுக் காலத்துக்கும் ஒரே முறையில் மறுகணக்கீடு செய்த தொகுப்பையே எடுக்க வேண்டும். 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ஓஎம்ஐ கருவியோடு ட்ரோபோமியை அப்படியே ஒட்டுவதும் இதே ரகம். முன்னதன் பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் மூடும் பரப்பு, நேர்கீழே 13 × 24 கி.மீ.; பின்னது 2019 ஆகஸ்ட் முதல் சுமார் 5.5 × 3.5 கி.மீ. பெரிய பிக்சலில் நகரின் உச்சம் கரைந்துபோகும்.

எதிர்மறை எண்களை 'அர்த்தமற்றவை' என்று நீக்குவதும் பரவலாக நடக்கிறது. அவை அளவீட்டு இரைச்சலின், அதாவது உண்மை அளவைச் சுற்றி மேலும் கீழும் தற்செயலாக விழும் பிழையின், ஒரு பாதி. அவற்றை மட்டும் எறிந்தால் சராசரி மேலே போகும். காற்று சுத்தமாக ஆக இந்தப் பிழை பெரிதாகி, உண்மையான இறக்கத்தையே மறைத்துவிடும். ஒவ்வொரு பிக்சலோடும் தரவில் வரும் தர மதிப்பு (0 முதல் 1 வரை) 0.75க்கு மேல் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள்; அதன்பின் எண்ணின் குறியைப் பார்த்துக் கழிக்காதீர்கள்.

இனி வானிலை. நைட்ரஜன் டை ஆக்சைடு கோடையில் சில மணி நேரமே தாங்கும். குளிர்காலத்தில் அதைவிட நீண்டு நிற்கும். ஜனவரியை ஏப்ரலோடு ஒப்பிட்டு ஒரு கொள்கைக்கு வெற்றி கொண்டாடினால், அந்தப் பெருமையில் பாதி சூரியனுக்குரியது. பல ஆண்டுகளின் அதே வாரங்களை எடுத்து, காற்றின் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரைநிலையத்தோடு சரிபார்க்கும்போதும் அதன் நாள் சராசரி வேண்டாம், பிற்பகல் 1.30ஐ ஒட்டிய மணிநேர அளவே போதும்.