தேக்கடியில் தண்ணீர் குறைந்திருக்கும்போது படகு சவாரி

கோடை விடுமுறையில் தேக்கடி போகிறவர்கள், கிளம்பும் முன் செய்தியில் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். உச்சநீதிமன்றம் அனுமதித்த அதிகபட்ச அளவு 142 அடி. படகு ஓடுவது அந்த அணையின் நீர்த்தேக்கத்தில்தான் என்பதால், மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு தூரம் கரையில் கீழே இறங்கித்தான் படகு ஏற வேண்டும். திரும்பும்போது அதே ஏற்றம். முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். வழுக்காத செருப்பு அவசியம்.

1895-இல் அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. நீர் இறங்கினால் நிறைய வெளியே தெரியும். நுனிகூட வெளியே தெரியாமல் நீருக்கடியில் மறைந்திருப்பவைதான் ஆபத்து. அதனால் கையை வெளியே நீட்டாதீர்கள், குழந்தைகளைக் கம்பி ஓரம் நிற்க விடாதீர்கள்.

தண்ணீர் குறைந்த காலத்தில் ஒரு நல்லதும் உண்டு. யானை, காட்டெருமை, மிளா எல்லாம் தண்ணீர் குடிக்கக் கரைக்கு வரும். காலையின் முதல் சவாரியில் வாய்ப்பு அதிகம். ஆனால் யானையைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடக்கூடாது. 2009 செப்டம்பர் 30-இல் இங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பலரும் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். அப்புறம், உயிர்காப்பு உடையின் பட்டைகளைக் கரையிலேயே இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.