புகைப்பழக்கத்தை நிறுத்த மருந்து எடுப்பவர்கள் கவனத்திற்கு

புகைப்பழக்கத்தை விடுவதற்காக மருத்துவர் எழுதித் தரும் வரெனிக்லின், புப்ரோப்பியான் ஆகிய மாத்திரைகளைப் பெரும்பாலும் சிகரெட்டை நிறுத்தும் நாளுக்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய பிறகு கடைக்கு ஓடுவது காலம் கடந்த செயல்.

வரெனிக்லினை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டல் வரும் என்பதால், சாப்பிட்ட பின் ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் எடுத்துக்கொள்வது நல்லது. விசித்திரமான கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தால், இரவு மாத்திரையைப் படுக்கும் நேரத்திற்குத் தள்ளாமல் மாலை உணவோடு முடித்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறைக்கப்பட வேண்டியிருக்கும்.

வலிப்பு நோய் உள்ளவர்களும், உணவுண்ணும் கோளாறு (எடை கூடும் பயத்தில் பட்டினி கிடப்பது, அளவின்றித் தின்று வாந்தியெடுப்பது போன்றவை) இருந்தவர்களும் புப்ரோப்பியானை எடுக்கக் கூடாது; மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட அந்த மாத்திரையை உடைத்தோ பொடித்தோ விழுங்கினால் மருந்து ஒரேயடியாக உடலில் கலந்து வலிப்பு வரும் அபாயம் கூடும்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. புகையில் உள்ள தார்ப்பொருள்கள் சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி தூண்டுவதால், புகையை நிறுத்தியதும் ஆஸ்துமா போன்ற மூச்சுக் கோளாறுகளுக்கான தியோபிலின், மனநோய்க்கான குளோசபின், ஒலான்சபின் போன்றவற்றின் அளவு இரத்தத்தில் உயரும். இன்சுலின் போடுபவர்களும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் எடுப்பவர்களும் நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மனநிலையில் வழக்கத்திற்கு மாறான கலக்கமோ, தற்கொலை எண்ணமோ தலைகாட்டினால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரை அணுகுங்கள்.