நாய்க்குட்டியை வளவுக்குப் பழக்குதல்

8 வாரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே, அது சலமலம் கழிப்பதற்கென வளவில் ஓரிடத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். வன்னியில் வளவுகள் பெரியவை என்பதால் அவிழ்த்துவிட்டாலே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி விடப்பட்ட குட்டியோ வெளியே விளையாடிவிட்டு, உள்ளே வந்து விறாந்தையில் சலம் விடும். ஆகையால் தூங்கி எழுந்தவுடனும், விளையாடி முடிந்தவுடனும், உணவு உண்டு 5 முதல் 30 நிமிடங்களுக்குள்ளும் கழுத்துப்பட்டியில் கயிறு கட்டி அதே இடத்துக்குக் கூட்டிச் சென்று, அது கழித்து முடிக்கும் வரை பேசாமல் நிற்க வேண்டும். முடித்த கணத்திலேயே பாராட்டி, முள் நீக்கிய அவித்த மீன்துண்டொன்றைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசென்றே அது விளங்கிக்கொள்ளும்.

இரவிலும் ஒரு தடவையேனும் எழும்ப வேண்டியிருக்கும். பாம்பு நடமாடும் ஊர்களில் டோர்ச் இல்லாமல் முற்றத்தில் இறங்காதீர்கள்.

உள்ளே கழித்துவிட்டால் அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் பயனற்றவை. அது உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கவே பழகும். மணம் எஞ்சினால் மீண்டும் அதே இடத்தைத் தேடுமாதலால், சவர்க்காரத்தால் கழுவியபின் தண்ணீர் கலந்த வினாகிரியால் துடையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டி வெளியே இறங்க மறுக்கக்கூடும். அதற்கென ஒரு கொட்டில் தாழ்வாரத்தில் மணல் பரப்பி, மாரிக்கு முன்பே அங்கும் பழக்கிவையுங்கள்.