பிரிட்ஜெட் பிஷப்பைப் பற்றி எழுதுமுன்: 1692 சேலம் வழக்குகளில் வழக்கமாக விழும் பிழைகள்

சில சிறுமிகளும் பெண்களும் துடித்துக் கத்தி, சூனியம் வைத்தார்கள் என்று பலர் மீது விரல் நீட்டியதில் எழுந்த 1692 சூனிய வழக்குகளில் முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப். நாள் ஜூன் 10, இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலம். இணையத்தில் அவரைப் பற்றி ஒரே கதைதான் சுற்றுகிறது: இரவில் சாராயக் கடை நடத்தியவள், சிவப்பு உடுப்பு போட்டவள், மூன்று புருஷன் கட்டியவள், ஊரே பகைத்தவள். இதில் மூன்று திருமணம் உண்மை. கடை இன்னொரு பெண்ணுடையது. சிவப்பு உடுப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே பார்ப்போம். பழைய வழக்கொன்றை எடுத்து எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள் எல்லாமே இந்த ஒரு பெண்ணின் கோப்பில் இருக்கின்றன.

பெரிய பிழை, இரண்டு பிஷப்புகளை ஒன்றாக்குவது. அந்த வட்டாரத்தில் எட்வர்ட் பிஷப் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். பிரிட்ஜெட்டின் கணவர் எட்வர்ட், மரம் அறுக்கும் தொழிலாளி. அவர்கள் குடியிருந்தது சேலம் டவுனில். இன்னொரு எட்வர்டின் மனைவி சாரா பிஷப், சேலம் வில்லேஜ் பக்கம் இருந்தவர். வீட்டில் ஆட்களைக் கூட்டி நேரங்கெட்ட நேரத்தில் குடியும் ஷவல்போர்டு என்ற பலகை ஆட்டமும் நடத்தினார் என்ற புகார் சாரா மீது வந்தது. பெவர்லி ஊர்ப் பாதிரியார் ஜான் ஹேல் கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துப் படித்தால் அதில் முதற்பெயரே கிடையாது. ‘எட்வர்ட் பிஷப் ஜூனியரின் மனைவி, குட்வைஃப் பிஷப்’ என்றுதான் இருக்கிறது (குட்வைஃப் என்பது மணமான பெண்ணைக் குறிக்கும் அன்றைய அடைமொழி). பின்னால் வந்தவர்கள் அதை பிரிட்ஜெட்டின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1981இல் டேவிட் கிரீன் என்ற வம்சாவளி ஆய்வாளர் இருவரையும் பிரித்துக் காட்டினார். ஆனாலும் சாராயக் கடைக்காரி இன்னும் சாகவில்லை.

இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. முதலில் இடத்தைப் பாருங்கள்: டவுனும் வில்லேஜும் வேறு வேறு. வில்லேஜ்தான் இன்றைய டேன்வர்ஸ். அடுத்து, எந்தச் சபையின் உறுப்பினர் என்று பாருங்கள். ஹேலின் வாக்குமூலத்தில் வரும் பெண்ணுக்குத் தன் சபையில் திருவிருந்து தரக்கூடாது என்றுதான் அண்டை வீட்டுக்காரி கேட்கிறாள். ஆக, பெவர்லி சபைக்காரி. மூன்றாவது, முடிவு என்ன என்று பாருங்கள். சாராவும் அவர் கணவரும் சிறையிலிருந்து தப்பிவிட்டார்கள். இதற்கெல்லாம் மேலாக, ஏப்ரல் 19ஆம் தேதி வில்லேஜில் நடந்த விசாரணையில் பிரிட்ஜெட்டே தன்னைக் குற்றம் சாட்டியவர்களைப் பற்றிச் சொல்கிறார்: இவர்களை நான் முன்பு பார்த்ததில்லை, இந்த இடத்துக்கு வந்ததுமில்லை. வில்லேஜில் கடை வைத்திருந்தவர் வில்லேஜ்காரர்கள் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல முடியுமா?

பெயர் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. முதல் கணவர் வாசல்பி, இரண்டாமவர் தாமஸ் ஆலிவர், மூன்றாமவர் பிஷப். மூன்றாவது திருமணத்துக்குப் பிறகும் 1692 சாட்சிகளில் பலர் அவரை ஆலிவர் என்றே சொல்கிறார்கள். பிஷப் என்று மட்டும் தேடினால் பழைய வழக்குகள் கண்ணில் படாது. 1670இல் கணவன் மனைவி சண்டைக்காக இருவருக்கும் தண்டனை: அபராதம் கட்டு, இல்லை பத்துக் கசையடி வாங்கு. 1678இல் ஓய்வுநாளில் கணவரைத் திட்டியதற்காக, இருவரும் வாயடைக்கப்பட்டு, நெற்றியில் குற்றம் எழுதிய தாளோடு, சந்தையில் முதுகோடு முதுகாக நிற்க வேண்டும் என்று தீர்ப்பு. கணவருக்கு 20 ஷில்லிங்கை அவருடைய மகள் கட்டி மீட்டுக்கொண்டார். மனைவிக்குக் கட்ட ஆளில்லை. 1680இல் முதல் சூனியப் புகாரும் ஆலிவர் என்ற பெயரில்தான்.

சிவப்பு உடுப்புக்கு வருவோம். ரிச்சர்ட் கோமன் என்பவரின் சாட்சியத்தில் வருவது அது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, தான் படுத்திருக்கையில் பிரிட்ஜெட் சிவப்பு ரவிக்கையோடு அறைக்குள் வந்து தன்னை அமுக்கினார் என்கிறார். அவர் வர்ணிப்பது இரவில் வந்த உருவத்தை. அதை எடுத்து ‘ஊரில் எப்போதும் பளபளப்பாக உடுத்தித் திரிந்தவள்’ என்று எழுதினால், நீங்களும் அந்த உருவத்தைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள் என்று பொருள்.

எந்தக் கட்டத்தில் பிறந்த தாள் என்று பார்க்காமல் மேற்கோள் எடுப்பது அடுத்த பிழை. வரிசை இது: புகார், வாரண்ட், உள்ளூர் மாஜிஸ்ட்ரேட் விசாரணை, சிறை, வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரி, கடைசியில் தீர்ப்பு மன்றம். கவர்னர் ஃபிப்ஸ் அந்தச் சிறப்பு மன்றத்தை அமைத்தது மே மாதக் கடைசியில். அதன் பதிவேடு நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ‘நீதிமன்றத்தில் அவர் சொன்னார்’ என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் முன்விசாரணைக் குறிப்பு. பிரிட்ஜெட்டின் விசாரணைக்கு இரண்டு குறிப்புகள் உள்ளன: எசக்கியேல் சீவர் எழுதியது ஒன்று, பாதிரியார் சாமுவேல் பாரிஸ் எழுதியது இன்னொன்று. இரண்டும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாது. பாரிஸின் மகளும் உறவுக்காரச் சிறுமியும் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ பட்டியலில் இருந்தார்கள் என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகையைப் படிக்காமல் காரணம் சொல்பவர்கள் நிறையப் பேர். நடத்தை கெட்டவள் என்பதால் தூக்கில் போட்டார்கள் என்பது பாதிதான் சரி. குற்றப்பத்திரிகை சொல்வது, ஏப்ரல் 19 அன்று மெர்சி லூயிஸ், அபிகேல் வில்லியம்ஸ் முதலிய பெண்களைச் சூனியத்தால் வதைத்தார் என்பது. அதாவது விசாரணை அறையிலேயே, அனைவர் கண் முன்னே, அந்தப் பெண்கள் துடித்துக் கத்திய அதே நாள். பழைய கோபங்கள் அந்தக் குற்றச்சாட்டுக்கு முட்டுக்கொடுக்க வந்தவை: சுவர்ப் பொந்தில் பன்றி மயிரும் கந்தலும் தலையில்லா ஊசியுமாகக் கிடைத்த பொம்மைகள், சாயக்காரர் ஷாட்டக்கிடம் சாயம் போடக் கொடுத்த உபயோகமில்லாத சிறு லேஸ் துண்டுகள்.

உடல் சோதனை அறிக்கையையும் முழுக்கப் படிக்க வேண்டும். ஜூன் 2 காலை பத்து மணியளவில் பெண்கள் குழுவொன்று ஓர் அறுவை மருத்துவரோடு சேர்ந்து சோதித்து, பிரிட்ஜெட், ரெபெக்கா நர்ஸ், எலிசபெத் பிராக்டர் மூவர் உடலிலும், சூனியத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட இயல்பற்ற சதைவளர்ச்சி இருப்பதாக எழுதியது. மாலை நான்கு மணிக்கு மறுபடி பார்த்தபோது அது இல்லை. முதல் பாதியை மட்டும் எடுத்துப் போடும் வீடியோக்கள் ஏராளம்.

சின்னப் பிழைகளும் உண்டு. யாரையும் எரிக்கவில்லை, ஆங்கிலச் சட்டப்படி தூக்குதான். 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கில் இறந்தார்கள். ஜைல்ஸ் கோரி பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களைத்தான் தூக்கிலிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்களில் ஒருவர்கூடத் தூக்கு மேடை ஏறவில்லை, மறுத்தவர்கள்தான் ஏறினார்கள். தேதியில் 1691/92 என்று இரட்டை ஆண்டு கண்டால் குழம்ப வேண்டாம். அன்று அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25, அதனால் ஜனவரி முதல் அதுவரையான நாட்களுக்கு இரண்டு ஆண்டையும் எழுதுவார்கள். சிறையிலடைக்கப்பட்ட நாலைந்து வயதுக் குழந்தையின் பெயர் டோரதி குட். வாரண்டில் டோர்கஸ் என்று தவறாக விழுந்தது இன்றுவரை தொடர்கிறது.

அந்தப் பெண்கள் துடித்ததற்கு, ரை தானியத்தில் வளரும் எர்கட் பூஞ்சைதான் காரணம் என்ற கருத்து 1976இல் வந்தது. அதே ஆண்டில் மறுப்பும் வந்தது. நோய் எப்படி வந்தது என்பதற்கு அது விடையாக இருந்தாலும், விரல் ஏன் இன்னாரை நோக்கி நீண்டது என்பதற்கு விடையாகாது.

1711இல் எல்லோருக்கும் மன்னிப்புக் கிடைத்தது என்று எழுதுவதும் தவறு. குடும்பத்தார் மனுப் போட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. பிரிட்ஜெட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் 1957 தீர்மானத்தில் ஆன் பியூடேட்டரின் பெயரும், அவரோடு ‘வேறு சிலர்’ என்ற சொல்லும்தான். பிரிட்ஜெட், சூசன்னா மார்ட்டின், ஆலிஸ் பார்க்கர், வில்மட் ரெட், மார்கரெட் ஸ்காட் ஐவரின் பெயரும் சட்டத்தில் ஏறியது 2001 அக்டோபர் 31இல். தண்டனை பெற்றுத் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் ஜூனியருக்கு 2022 வரை ஆனது.