மீன்தொட்டித் தண்ணீர் மாற்ற இனி வாளி தூக்க வேண்டாம்

அரை இஞ்ச் டியூப் ஒன்று வாங்கி, தொட்டியிலிருந்து பால்கனிச் செடிகள் வரை விடுங்கள். மறுமுனை தாழ்வாக இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்சாதீர்கள் (ஒருமுறை குடித்திருக்கிறேன், அந்த ருசி வேண்டாம்!). டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டியில் முக்கி, மற்றதைத் தாழ்வாக இறக்கி விரல்களை எடுத்தாலே போதும். குட்டி மீன்கள் இருந்தால் தொட்டிக்குள் இருக்கும் முனையில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். ஹீட்டர், ஃபில்டர் பிளக்கை முதலிலேயே பிடுங்கிவிடுங்கள். சூட்டோடு ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி விரிசல் விடும்.

நிரப்ப, முந்தின நாளே திறந்த டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்ட்டி குளோரினும் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்துவிடுங்கள். டிரம்முக்குள் ஏர்கூலர் பம்ப்பைப் போட்டு, அதே டியூபை மாட்டினால் ஏற்றிவிடும். வாரம் கால்வாசி மாற்றினால் போதும்.